டொர்னேடோ பற்றிக் கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது? புயல் துரத்தப் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு

டெக்சஸில் ஏப்ரல் பிறந்துவிட்டால் என் போன் ஓயாது. நான் வானிலை படித்தவன் இல்லை. டாலஸுக்கு வடக்கே ஒரு கம்பெனியில் கணினி வேலை. விடுப்பையெல்லாம் சேர்த்து வைத்து, ஏப்ரல் மே மாதங்களில் ஓக்லஹோமாவிலும் கான்சஸிலும் இடிமேகங்களைத் தேடிக் காரில் அலைகிறவன். ஒருமுறை நான் எடுத்த டொர்னேடோ (இடிமேகத்தின் அடியிலிருந்து தரைவரை இறங்கிச் சுழலும் காற்று) படம் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் சுற்றியது. அன்றிலிருந்து பிள்ளைகளின் பள்ளியில், தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில், கேஸ் ஸ்டேஷனில் பக்கத்துப் பம்பில் நிற்கிறவர் என்று எல்லாரும் என்னிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

எந்தக் கேமரா வாங்கலாம், எந்தச் சாலையில் நிற்கலாம் என்று புதியவர்களுக்குச் சொல்லித்தர ஆள் நிறைய இருக்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று சொல்லித்தர யாரும் இல்லை. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் ஆர்வத்தில் கேட்கும் கேள்வியும் பயத்தில் கேட்கும் கேள்வியும் ஒரே வார்த்தைகளில்தான் வருகின்றன. "இன்றைக்கு டொர்னேடோ வருமா?" என்று ஒருவர் மதியம் கேட்டால் அது பேச்சு. அதையே மாலை ஆறரைக்கு, வானம் பச்சை கலந்து கறுத்திருக்கும்போது கேட்டால், "நான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?" என்று அர்த்தம். இந்த வித்தியாசம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

முதல் படி: வகுப்பில் உட்காருங்கள்

அமெரிக்க தேசிய வானிலைச் சேவை 1970களிலிருந்து ஸ்கைவார்ன் என்ற பயிற்சியை நடத்துகிறது. கட்டணம் இல்லை, சுமார் இரண்டு மணி நேரம்தான். எங்கள் பகுதிக்கு ஃபோர்ட் வொர்த் அலுவலகம் குளிர்காலம் முடியும் சமயத்தில் ஊர் ஊராக வகுப்பு வைக்கும், இணையத்திலும் உண்டு. உங்கள் ஊரின் அலுவலகம் எது என்று பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். வானிலைப் படங்களை நாலு வருடம் பார்த்துக் கற்றுக்கொண்டாலும் இந்த இரண்டு மணி நேரத்துக்கு ஈடாகாது. எது ஆபத்து, எது வெறும் பயமுறுத்தும் மேகம் என்று அங்கேதான் கண் பழகும்.

இன்னொரு பயன், எப்படித் தகவல் சொல்வது என்பதும் அங்கே புரியும். என்ன பார்த்தேன், எங்கே நின்று பார்த்தேன், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் நகர்கிறது. இந்த நாலும் இல்லாத தகவல் யாருக்கும் உதவாது. ஆலங்கட்டி மழை பற்றிக் கேட்டாலும் அப்படித்தான். "பெரிய பெரிய கல்லாக விழுந்தது" என்று சொல்லாதீர்கள். கால் டாலர் நாணயம் ஒரு அங்குலம், கோல்ஃப் பந்து ஒன்றே முக்கால் அங்குலம். ஒரு அங்குலம் தொட்டால் அது கடும் புயல் கணக்கில் சேரும். கேட்கிறவருக்கும் இந்த நாணயத்தையும் பந்தையும் சொல்லிக் கொடுங்கள். அடுத்த முறை அவரே சரியாகத் தகவல் சொல்வார்.

இரண்டாம் படி: கணிப்பை உங்கள் வாயால் சொல்லாதீர்கள்

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டாவது வருடம் என்று நினைவு. கீழ்வீட்டு அக்கா வேலைக்குக் கிளம்பும்போது, "தம்பி, சாயங்காலம் மழை பலமாக இருக்குமா?" என்று கேட்டார். வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளைக் காலையில் பார்த்திருந்தேன். தரைக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் மேலே சூடான காற்று ஓர் அடுக்காக நின்று, கீழே இருக்கும் ஈரக்காற்றை எழும்பவிடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது. துரத்துபவர்கள் இதை மூடி என்பார்கள், கொதிக்கும் பானைக்கு மேல் இருக்கும் மூடி மாதிரி. மூடி உடையாது என்று எனக்குத் தோன்றியது. "ஒன்றும் வராதுக்கா" என்றேன். மாலை ஐந்து மணிக்கு மூடி உடைந்தது. அக்கா காரைக் கூரையில்லாத இடத்தில் நிறுத்தியிருந்தார். ஆலங்கட்டி விழுந்து காரின் மூன்று கண்ணாடிகள் போயின. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று வரை அது எனக்கு உறுத்துகிறது.

நான் தப்பாகக் கணித்தது பெரிய விஷயம் இல்லை. வானிலைச் சேவையும் தவறும். ஆனால் அவர்கள் நிகழ்தகவாகச் சொல்வார்கள், நிலைமை மாறினால் அறிவிப்பையும் மாற்றுவார்கள். நான் "வராது" என்று சொல்லிவிட்டு அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். மூடி ஆட்டம் காண்கிறது என்று அவருக்கு யார் சொல்வது?

இப்போது நான் செய்வது இதுதான். ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் இருக்கும் புயல் கணிப்பு மையத்தின் அன்றைய வரைபடத்தைத் திறந்து காட்டி, அதைப் படிக்கச் சொல்லித் தருவேன். அதில் ஆபத்து குறைவிலிருந்து கூடுதல் வரை ஐந்து படிகள்: மார்ஜினல், ஸ்லைட், என்ஹான்ஸ்ட், மாடரேட், ஹை. மாடரேட் என்றதும் நடுத்தரம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது ஐந்தில் நாலாவது. அந்த ஒரு வார்த்தையை விளக்கினாலே பாதி வேலை முடிந்தது.

சதவீதத்தையும் விளக்க வேண்டும். டொர்னேடோ 10 சதவீதம் என்று போட்டிருந்தால், நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி 25 மைலுக்குள் ஒன்று வர பத்தில் ஒரு வாய்ப்பு என்று பொருள். உங்கள் வீட்டின் மேல் வரும் வாய்ப்பு இல்லை அது. "பத்துதானே" என்று அலட்சியம் செய்கிறவருக்கும், "பத்தா!" என்று நடுங்குகிறவருக்கும் இதே விளக்கம்தான்.

மூன்றாம் படி: வாட்ச், வார்னிங், சைரன்

டொர்னேடோ வாட்ச் என்றால் சூழ்நிலை கூடி வந்திருக்கிறது, சில மணி நேரத்துக்குக் காதைத் திறந்து வைத்திருங்கள் என்று பொருள். வார்னிங் என்றால் ராடாரில் சுழற்சி தெரிகிறது அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள், இப்போதே ஒதுங்குங்கள் என்று பொருள். சமையல் சாமான் எல்லாம் மேடைமேல் எடுத்து வைத்திருப்பது வாட்ச், அடுப்பில் ஏற்றிவிட்டது வார்னிங் என்று பொங்கல் விழாவில் ஓர் அம்மா தன் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கியதைக் கேட்டேன். நான் சொன்னதைவிட நன்றாக இருந்தது. அதையே இப்போது எல்லாருக்கும் சொல்கிறேன்.

வார்னிங்குகளில் ஏறக்குறைய பத்தில் ஏழில் டொர்னேடோ வருவதில்லை. "சும்மா சும்மா பயமுறுத்துகிறார்களே" என்று கேட்பார்கள். கோபப்படாதீர்கள், நியாயமான கேள்விதான். மேலே சுழல்கிற காற்று கீழே தரையைத் தொடுமா என்பது ராடாருக்கு முழுக்கத் தெரியாது. சூப்பர்செல் எனப்படும் சுழலும் பெரிய இடிமேகங்களில் பெரும்பாலானவை டொர்னேடோவைத் தருவதில்லை. தொட்ட பிறகு சொன்னால் ஒதுங்க நேரம் இருக்காது. கிடைக்கிற அவகாசம் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னே பின்னே. அந்தப் பத்து நிமிடத்துக்குக் கொடுக்கும் விலை இது என்று சொல்லுங்கள்.

சைரன் வெளியில் இருப்பவர்களுக்கானது. வீட்டுக்குள், ஏசி ஓடும்போது, தூங்கும்போது அது கேட்கவேண்டும் என்று யாரும் வைக்கவில்லை. அதனால் போனில் அவசர அறிவிப்பை அணைக்காதீர்கள், முடிந்தால் ஒரு வானிலை ரேடியோ வாங்கி வையுங்கள் என்று சொல்லுங்கள். டாலஸில் மாதத்தின் முதல் புதன்கிழமை மதியம் சோதனைக்காகச் சைரன் ஒலிக்கும். ஊருக்குப் புதிதாக வந்தவர்களிடமிருந்து அன்று எனக்கு அழைப்பு நிச்சயம். முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள், பாவம்.

நாலாம் படி: எங்கே ஒதுங்குவது என்பதை மனப்பாடம் செய்யுங்கள்

இந்த ஒரு பதில் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும். கீழ்த்தளம், வீட்டின் நடுப்பகுதி, ஜன்னல் இல்லாத சின்ன அறை. குளியலறை, குளோசெட் (துணி வைக்கும் சின்ன அறை), மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இடம். வெளிச்சுவருக்கும் உங்களுக்கும் நடுவே எத்தனை சுவர் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தலையில் சைக்கிள் ஹெல்மெட், காலில் செருப்பு இல்லாமல் ஷூ, மேலே கனமான போர்வை. காயப்படுத்துவது பெரும்பாலும் பறந்து வரும் பொருட்கள்தான், அதனால்தான் ஹெல்மெட்.

வடக்கு டெக்சஸில் பெரும்பாலான வீடுகளுக்கு பேஸ்மென்ட் கிடையாது. "பேஸ்மென்டுக்குப் போங்கள்" என்று டிவியில் கேட்டுவிட்டு, எங்களுக்கு இல்லையே என்று தவிப்பவர்கள் நிறைய. அவர்களுக்கு மேலே சொன்னதுதான் பதில்.

நம்மவர்கள் பலர் அபார்ட்மென்டில் மூன்றாம் மாடியில் இருப்பவர்கள். அவர்களுக்கு நான் தரும் வேலை ஒன்று உண்டு. நல்ல வெயில் நாளில் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, "வார்னிங் வந்தால் உங்கள் வீட்டுக்கு வரலாமா?" என்று கேட்டு வையுங்கள். கேட்க முதலில் கூச்சமாக இருக்கும். நான் பார்த்த வரையில் வேண்டாம் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. மொபைல் ஹோம் எனப்படும் நகரும் வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் பதில் வேறு: அங்கே எந்த அறையும் பாதுகாப்பு இல்லை, வாட்ச் வந்ததுமே உறுதியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும்.

ஐந்தாம் படி: பழைய நம்பிக்கைகளை மரியாதையோடு மாற்றுங்கள்

"மேம்பாலத்துக்கு அடியில் நிற்கலாம்தானே?" இந்தக் கேள்வி வராத வருடம் இல்லை. 1991 ஏப்ரலில் கான்சஸ் நெடுஞ்சாலையில் ஒரு டிவி குழு பாலத்தடியில் ஒதுங்கித் தப்பிய வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. நம்பிக்கை அங்கிருந்து வலுத்தது. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் அதை நம்பி மூன்று பாலங்களின் அடியில் ஒதுங்கியவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். குறுகலான இடைவெளியில் காற்று இன்னும் வேகம் பிடிக்கும், பறந்து வரும் பொருளைத் தடுக்க எதுவும் இல்லை. இந்தக் காரணத்தோடு சொன்னால்தான் மனதில் நிற்கும். வெறுமனே "அது தப்பு" என்றால் அந்த வீடியோதான் ஜெயிக்கும்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகி வீடு பிழைக்கும் என்பதும் அப்படித்தான். வீட்டை உடைப்பது காற்றும் அது கொண்டுவரும் பொருளும். ஜன்னலைத் திறக்கப் போய் நிற்கும் நேரம் வீண், இடமும் ஆபத்து. "எங்கள் ஊரை மலை காக்கிறது" என்கிறவர்களுக்கு டொபீகாவைச் சொல்லுங்கள். கான்சஸின் அந்த நகரத்தை பர்னெட்ஸ் மவுண்ட் என்ற குன்று காக்கும் என்று மக்கள் நம்பினார்கள். 1966 ஜூன் 8 அன்று டொர்னேடோ அந்தக் குன்றின் மேலேயே ஏறி நகருக்குள் இறங்கியது. உயர்ந்த கட்டடங்கள் இருக்கும் இடத்துக்கு வராது என்றால், 2000 மார்ச் 28 மாலை ஃபோர்ட் வொர்த் நகரின் நடுப்பகுதியை அடித்ததே. வசந்த காலத்தில் மட்டும்தான் வரும் என்றால், 2015 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரவு, டாலஸ் அருகே கார்லாண்ட், ரோலெட் பகுதியில் வந்ததே. கார்லாண்டில் இறந்தவர்களில் பலர் நெடுஞ்சாலையில் கார்களில் போய்க்கொண்டிருந்தவர்கள்.

ஆறாம் படி: யாரையும் காரில் ஏறச் சொல்லாதீர்கள்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2013 மே 20 அன்று ஓக்லஹோமா நகருக்குத் தெற்கே மூர் என்ற ஊரை ஒரு பெரும் டொர்னேடோ அழித்தது. 24 பேர் இறந்தார்கள். பதினோரு நாள் கழித்து, மே 31 மாலை, அதே நகருக்கு மேற்கே எல் ரீனோ பக்கம் இன்னொன்று கிளம்பியது. மூரின் பயம் இன்னும் ஆறவில்லை. தரைக்கு மேலே இருந்தால் பிழைக்க முடியாது, காரில் தெற்கே போய்விடுங்கள் என்ற பேச்சு பரவியது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் சாலையில் இறங்கினார்கள். நெடுஞ்சாலைகள் அடைத்து, கார்கள் புயலின் பாதையிலேயே நின்றன. டொர்னேடோ நகருக்குள் வராமல் அடங்கியதால்தான் அன்று பெருஞ்சாவு நடக்கவில்லை.

அந்த டொர்னேடோ 2.6 மைல் அகலம், அதாவது நாலு கிலோமீட்டருக்கு மேல். மழைக்குள் மறைந்திருந்தது. திசையையும் வேகத்தையும் திடீரென்று மாற்றியது. புயல் ஆராய்ச்சியாளர் டிம் சமராஸ், அவர் மகன் பால், உடன் சென்ற கார்ல் யங் மூவரும் அதில் இறந்தார்கள். சமராஸ் இருபது வருடத்துக்கும் மேல் களத்தில் இருந்தவர். 2003 ஜூனில் தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டர் அருகே அவர் டொர்னேடோவின் பாதையில் வைத்த கருவி, காற்றழுத்தம் 100 மில்லிபார், அதாவது வழக்கத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, சரிந்ததைப் பதிவு செய்தது. அவருக்கே தப்ப முடியவில்லை என்றால், "எந்த ரோடு பக்கம் போனால் தப்பலாம்?" என்று போனில் கேட்கிறவருக்கு வழி சொல்ல நான் யார்?

அதனால் வார்னிங் நேரத்தில் யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: வீட்டில் இருந்தால் உள்ளே இருங்கள், காரில் இருந்தால் பக்கத்தில் இருக்கும் உறுதியான கட்டடத்துக்குள் போங்கள். நீங்கள் பார்க்கும் ராடார் படம் சில நிமிடம் பழையது என்பதையும் சொல்லுங்கள். திரையில் அஞ்சு மைல் தள்ளித் தெரிவது இந்நேரம் பக்கத்தில் வந்திருக்கலாம்.

எல் ரீனோ பற்றிப் பேசினால் அடுத்த கேள்வி உடனே வரும்: "அவ்வளவு பெரியது ஏன் இஎஃப்3 மட்டும்?" 0 முதல் 5 வரை போகும் இஎஃப் அளவு அகலத்துக்கோ ராடார் காட்டும் வேகத்துக்கோ கிடையாது. கட்டடமும் மரமும் எப்படிச் சேதமாயின என்று பார்த்துப் பின்னால் கொடுப்பது. எல் ரீனோவில் அது ஓடியது பெரும்பாலும் வயல்வெளி.

ஏழாம் படி: படங்களும் நேர்க்கேள்விகளும்

"இது டொர்னேடோவா?" என்று படம் அனுப்புவார்கள். பெரும்பாலும் புயலுக்கு முன்னால் தொங்கும் கிழிந்த மேகமாக இருக்கும். ஒரு படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு நிமிடம் பார்த்தீர்களா, சுழன்றதா, கீழே தரையில் தூசி எழும்பியதா என்று திருப்பிக் கேளுங்கள். அப்புறம் எந்த இடம், எத்தனை மணி. பழைய படம் புயல் நாளில் புதிதாகச் சுற்றுவது வழக்கம். உறுதியாகாத படத்தை நீங்கள் ஒருபோதும் மேலே அனுப்ப வேண்டாம்.

"எத்தனை பார்த்திருக்கிறீர்கள்?" உண்மையான எண்ணைச் சொல்லுங்கள். பல நாள் எட்டு மணி நேரம் ஓட்டிப் போய் நீல வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியதையும் சொல்லுங்கள். "என்னையும் கூட்டிப்போவீர்களா?" என்றால் முதலில் வகுப்புக்குப் போய்விட்டு வாருங்கள் என்பேன். சாலைதான் பெரிய ஆபத்து என்பதையும் மறைப்பதில்லை. 2017 மார்ச்சில் டெக்சஸில் துரத்தலின்போது கார்கள் மோதி மூன்று பேர் இறந்தார்கள். 2022 ஏப்ரலில் துரத்திவிட்டுத் திரும்பிய ஓக்லஹோமா பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் விபத்தில் இறந்தார்கள். இவர்களைக் கொன்றது டொர்னேடோ இல்லை.

கடினமான கேள்வி ஒன்று உண்டு. பள்ளியில் ஒரு சிறுமி கேட்டாள்: "அங்கிள், வீடெல்லாம் உடையும்போது உங்களுக்குச் சந்தோஷமாக இருக்குமா?" அவளுக்குச் சொன்னதையே எல்லாருக்கும் சொல்கிறேன். மேகம் எழும்பிச் சுழல்வதைப் பார்க்கும்போது சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். அது ஆளில்லாத வயலில் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே பார்ப்பேன். வீட்டை நெருங்கினால் கேமராவை வைத்துவிட்டு 911 என்ற அவசர எண்ணை அழைப்பேன். பக்கத்தில் இருந்தால் போய்க் கை கொடுப்பேன்.

பருவநிலை மாற்றம் பற்றிக் கேட்டால் சுருக்கமாக முடியுங்கள். வருடத்துக்கு ஏறக்குறைய 1,200 என்ற மொத்த எண்ணிக்கையில் தெளிவான ஏற்றம் தெரியவில்லை. ஆனால் ஒரே நாளில் கொத்தாக வருவது கூடியிருக்கிறது, சமவெளியிலிருந்து கிழக்கே மிசிசிப்பி, டென்னசி பக்கம் நகரும் போக்கும் தெரிகிறது. அதற்கு மேல் போகாதீர்கள்.

ஊரிலிருந்து வரும் அழைப்பு

என் ஊர் வேதாரண்யம் பக்கம். டெக்சஸில் டொர்னேடோ என்று செய்தி வந்ததும் அம்மா கூப்பிடுவார். "புயலாமேப்பா, எத்தனை நாள் இருக்கும்?" தமிழ்ச் செய்திகளில் இதைச் சூறாவளி என்றும் புயல் என்றும் எழுதுவதால் வரும் குழப்பம் இது. 2018 நவம்பரில் கஜா வந்தபோது பல நாள் முன்பே பெயர் வைத்து, எங்கே கரை ஏறும் என்று பேசிக்கொண்டிருந்தோம். கடலில் பிறந்து பல மாவட்டங்களைச் சேர்த்து மூடும் புயல் அது. இங்கே நிலத்தின் மேல் ஓர் இடிமேகத்தின் அடியில் பிறப்பது டொர்னேடோ. பெரும்பாலும் சில நூறு அடி அகலம், சில நிமிட ஆயுள். டெக்சஸ் தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்குக்கு மேல் பெரியது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவர்கள் மூச்சு விடுவார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு "நாங்கள் நலம்" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக வரும் கேள்வி

புயல் தாண்டிய அரை மணியில் "இப்போது வெளியே வரலாமா?" என்று செய்தி வரும். நீங்கள் நூறு மைல் தள்ளி ஒரு வயலோரத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள், சரி என்று சொல்லிவிடக் கை வரும். அவர்கள் இருக்கும் இடத்துக்கான வார்னிங் முடிந்துவிட்டதா, பின்னால் இன்னொரு புயல் வருகிறதா என்று அவர்கள் போனிலேயே பார்க்கச் சொல்லுங்கள். முடிந்திருந்தால் ஷூவைக் கழற்றாமல், டார்ச்சோடு, அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடாமல் வரட்டும். கேஸ் வாசனை வந்தால் விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியேறட்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் பதில் சொல்கிறார்களா என்று முதலில் குரல் கொடுத்துப் பார்க்கட்டும்.